ஒரே சக்தி, வேறு வேறு ஆயுள்: உருண்டையல்லாத அணுக்கருக்களில் பீற்றாத் தேய்வு

மலையகத்தில் தேயிலைக்கு இடும் உரத்தில் பொட்டாஷ் கலந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே தேயிலை மலையின் அடியில் ஓடும் ஓடையின் மணலை ஒரு தட்டில் அள்ளி நீரில் மெல்ல அரித்தால், இலேசான மணல் கழுவிச் சென்ற பின்னர், பல இடங்களில் செம்பழுப்பு நிறச் சிறு மணிகள் தட்டில் தங்கும். கார்னட் என்னும் கனிமத்தின் மணிகள் அவை. உரத்தின் பொட்டாஷிலுள்ள பொற்றாசியம் என்னும் தனிமத்தில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட பங்கு பொற்றாசியம்-40 என்னும் சமதானியாகும் (சமதானிகள் என்பவை நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் வகைகள்). கார்னட் மணிகளுக்குள் மிகச் சிறிதளவில் லுத்தேசியம் என்னும் அருமண் தனிமம் இருக்கிறது, அதில் 2.6 சதவீதம் லுத்தேசியம்-176 ஆகும். இவ்விரண்டும் பீற்றாத் தேய்வுக்கு உட்படும் கருக்கள். முன்னதன் அரைவாழ்வுக்காலம், அதாவது கருக்களில் பாதி தேய்ந்துபோக எடுக்கும் காலம், 125 கோடி ஆண்டுகள். பின்னதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 3,700 கோடி ஆண்டுகள், அதாவது பிரபஞ்சத்தின் வயதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

இரண்டும் மிக மெதுவாகத் தேய்கின்றன என்றாலும், மெதுவுக்கான காரணம் ஒன்றல்ல. பொற்றாசியத்தின் காரணத்தைக் கோண உந்தத்தின் அளவைக் கொண்டே சொல்லி முடித்துவிடலாம். லுத்தேசியத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள அதன் கரு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். உயர்தர வகுப்பில் கருவை ஓர் உருண்டையாக வரைந்து கற்பிக்கிறோம். அந்தப் படம் பல கருக்களுக்குப் பொருந்தாது என்பதையும், பொருந்தாத இடத்தில் தேய்வின் வேகமே தலைகீழாக மாறிவிடுகிறது என்பதையும் ஒரு மாணவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது என்று கருதியே இதை எழுதுகிறேன்.

அடிப்படையை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். கருவுக்குள் இருக்கும் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனையும் ஓர் எதிர்நியூத்திரினோவையும் வெளியே அனுப்புவது பீற்றாத் தேய்வின் வழக்கமான வடிவம். நியூத்திரினோ என்னும் துகள் இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் பவுலி 1930 இல் முன்மொழிந்தார். அதை வைத்துத் தேய்வின் வேகத்தைக் கணிக்கும் கொள்கையை 1934 இல் பெர்மி வெளியிட்டார். கருவுக்கு வெளியே தனித்திருக்கும் நியூத்திரனின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 10 நிமிடங்கள். கருவுக்குள் வந்துவிட்டால் இந்தக் காலம் சில மில்லிசெக்கன்களாகவும் சுருங்கலாம், இந்தியம்-115 இல் காண்பதுபோல 400 இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகவும் நீளலாம். எல்லாவற்றிலும் தொழிற்படுவது, பீற்றாத் தேய்வை நிகழ்த்தும் அதே மென்விசைதான். வேறுபாடு முழுவதும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: வெளியேறும் துகள்களுக்குக் கிடைக்கும் சக்தி ஒன்று, தேயும் தாய்க்கருவும் தேய்ந்து உருவாகும் மகட்கருவும் கொண்டுள்ள அமைப்பு மற்றொன்று.

சக்தியின் பங்கை விரைவாகச் சொல்லிவிடலாம். கிடைக்கும் சக்தி கூடக்கூட, அதை இலத்திரனும் எதிர்நியூத்திரினோவும் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளும் பெருகுகின்றன; தேய்வின் வேகம் தோராயமாகச் சக்தியின் ஐந்தாம் அடுக்கைப் பின்பற்றுகிறது. சக்தி இரட்டித்தால் வேகம் முப்பது மடங்கு அளவில் உயரும். ஆனால் சக்தியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பொற்றாசியம்-40 கல்சியம்-40 ஆக மாறும்போது கிடைக்கும் சக்தி, கருச் சக்தியை அளக்கும் அலகில், ஏறத்தாழ 1.3 மெகா இலத்திரன் வோல்ற்று. லுத்தேசியம்-176 இற்கு ஒரு கிளர்நிலை, அதாவது அதன் மிகக் குறைந்த சக்தி நிலையான தாழ்நிலையைவிடச் சக்தி கூடிய நிலை, உண்டு. அந்த நிலையிலிருந்து அது ஹஃப்னியம்-176 ஆக மாறும்போதும் கிடைப்பது ஏறத்தாழ அதே 1.3 மெகா இலத்திரன் வோல்ற்றுத்தான். முன்னது 125 கோடி ஆண்டு காத்திருக்க, பின்னது 3.7 மணித்தியால அரைவாழ்வுக்காலத்தில் தேய்ந்துவிடுகிறது. “சேர், சக்தி இருந்தா உடனே தேய வேண்டியதுதானே, ஏன் காத்திருக்குது?” என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கேள்வி மிகச் சரியானது. சக்தி வழியைத் திறந்துவிடுகிறது; அந்த வழியில் நடக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது கருவின் அமைப்பு.

அமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது கோண உந்தம். ஒவ்வொரு கரு நிலைக்கும் ஒரு மொத்தக் கோண உந்தம் உண்டு. அதை இயற்கையின் சிறிய அலகொன்றால் 0, 1, 2 என்று எண்ணுகிறோம். தேய்வுக்கு முன்னும் பின்னும் இந்தக் கணக்கு நேராக வேண்டும். குறையும் அளவை வெளியேறும் இரு துகள்களும் சுமந்து செல்ல வேண்டும். இலத்திரனுக்கும் எதிர்நியூத்திரினோவுக்கும் தத்தமக்கென அரை அலகு சுழற்சி உண்டு. இரண்டும் எதிரெதிராக நின்றால் சுமை 0. இதைப் பெர்மி வகை மாற்றம் என்பர். ஒருதிசைப்பட நின்றால் சுமை 1; 1936 இல் இதை விளக்கிய இருவரின் பெயரால் இது காமோவ்-டெல்லர் வகை எனப்படுகிறது. இவ்விரண்டும் எளிதில் நிகழ்பவை. அதற்கு மேல் சுமக்க வேண்டுமானால், துகள்கள் கருவைச் சுற்றியவாறு, மையத்தை விட்டு விலகிய பாதையில் வெளியேற வேண்டும். கருவோ மிகச் சிறியது. துகள்களின் அலைநீளமோ அதனைவிட மிகப் பெரியது. ஆகவே கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வோர் அலகுக்கும் தேய்வு நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாகிறது. பாடநூல்கள் இவற்றைத் ‘தடைசெய்யப்பட்ட’ மாற்றங்கள் என்கின்றன. அந்தச் சொல் ‘நிகழவே நிகழாது’ என்று பொருள்படாது. ‘மிக அரிதாக நிகழும்’ என்றே கொள்ள வேண்டும்.

பொற்றாசியம்-40 இன் கோண உந்தம் 4. கல்சியம்-40 இல் 20 புரோத்தன்களும் 20 நியூத்திரன்களும் நிறைந்த கூடுகளாக (சக்தி மட்ட அடுக்குகளாக) அடங்கியிருப்பதால் அதன் கோண உந்தம் 0. நான்கு அலகையும் இரு சிறு துகள்கள் சுமந்தாக வேண்டும். காத்திருப்பின் காரணம் அவ்வளவுதான். இங்கே கருவின் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை.

இதே அளவுகோலை லுத்தேசியம்-176 மீது வைத்துப் பார்ப்போம். அதன் தாழ்நிலையின் கோண உந்தம் 7. அது தேய்ந்து சேரும் ஹஃப்னியம்-176 இன் நிலைக்குக் கோண உந்தம் 6. வேறுபாடு ஒரே ஓர் அலகு. துகள்களுக்குக் கிடைக்கும் சக்தியும் ஏறத்தாழ 0.59 மெகா இலத்திரன் வோல்ற்று. அதைக் குறைவு என்று சொல்ல முடியாது. கரு நிலையின் கண்ணாடிப் பிம்பப் பண்பு (parity) மாறுவதால் வரும் சிறு தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தக் கரு சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் தேய வேண்டும். அப்படியானால் பூமி தோன்றியபோதே இருந்த லுத்தேசியம்-176 இல் இன்று ஒரு கருவும் மிஞ்சியிருக்க முடியாது. ஆனால் அது நம் ஓடை மணலில் இருக்கிறது. கணக்கு ஏறத்தாழ இலட்சம் கோடி மடங்கு தவறுகிறது. இவ்வளவு பெரிய பிழை சிறு திருத்தத்தால் நேராகாது. நாம் எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம்.

விட்டது வடிவத்தை. 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் மாய எண்களில், அதாவது கூடுகள் முழுதாக நிறையும் எண்களில், புரோத்தன்களோ நியூத்திரன்களோ நிற்கும்போது கரு பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். அவற்றிலிருந்து விலகி, இரு மாய எண்களின் நடுப்பகுதிக்கு வரும்போது, நிறையாத கூடுகளில் இருக்கும் துகள்கள் ஒன்றுசேர்ந்து கருவை ஒரு திசையில் இழுத்து நீட்டிவிடுகின்றன. லுத்தேசியம்-176 இல் 71 புரோத்தன்கள், 105 நியூத்திரன்கள். 50 இற்கும் 82 இற்கும் இடையில் ஒன்று, 82 இற்கும் 126 இற்கும் ஏறக்குறைய நட்டநடுவில் மற்றொன்று. இந்தப் பிரதேசத்துக் கருக்களின் நீண்ட அச்சு குறுகிய அச்சைவிட நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருக்கும். கருக்கள் எல்லாம் உருண்டையல்ல என்பதற்கான முதற் சான்று 1935 இல் யூரோப்பியம் என்னும் தனிமத்தின் அணு நிறமாலையில் கிடைத்தது. அதன் முழு விளக்கத்தை அளித்த ஆகே போர், பென் மொட்டல்சன், ஜேம்ஸ் ரெயின்வோட்டர் ஆகிய மூவரும் 1975 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வடிவம் ஏன் தேய்வைத் தடுக்க வேண்டும்? கண்டி நித்தவெல மைதானத்தில் ரகர் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நல்ல ஆட்டக்காரர் பந்தைக் கைமாற்றும்போது, அது தன் நீண்ட அச்சைச் சுற்றியே சுழன்றுகொண்டு நேராகப் பறக்கிறது. உதைக்கப்பட்ட பந்து சில வேளைகளில் முனைக்கு முனை கரணமடித்துக்கொண்டு செல்கிறது. இரண்டு பந்துகளுக்கும் ஒரே அளவு கோண உந்தம் இருக்கலாம். ஆனால் ஒன்றில் அது நீண்ட அச்சின் வழியே கிடக்கிறது, மற்றொன்றில் அந்த அச்சுக்குச் செங்குத்தாகக் கிடக்கிறது. அச்சைச் சுற்றிச் சுழலும் பந்தை விரல் நுனியால் ஒருமுறை தட்டி, அதே அளவு கோண உந்தத்துடன் கரணமடிக்கச் செய்ய முடியாது. கால்பந்துபோல் உருண்டையான பொருளில் இந்த வேறுபாடே எழாது; அதில் ‘நீண்ட அச்சு’ என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை.

கோண உந்தத்தில் நீண்ட அச்சின் வழியே விழும் பங்கைக் குறிக்கும் எண்ணை இயற்பியலாளர்கள் ‘கே’ என்ற எழுத்தால் குறிக்கின்றனர். நீண்ட கருக்களில், மொத்தக் கோண உந்தத்துக்கு இணையாக இந்தக் கே எண்ணும் கணக்கில் வருகிறது. வெளியேறும் துகள்கள் எத்தனை அலகு சுமக்கின்றனவோ அதற்குமேல் கே எண் மாறக் கூடாது என்பது விதி. லுத்தேசியம்-176 இன் தாழ்நிலைக்குக் கே எண் 7. ஹஃப்னியத்தின் அந்த 6 அலகு நிலைக்குக் கே எண் 0. துகள்கள் சுமப்பதோ ஓர் அலகு. ஏழு படி மாற வேண்டிய இடத்தில் ஒரு படிக்கே அனுமதி. ஆறு படி மிஞ்சுகிறது.

பந்தின் உவமையில் ஓர் இடத்தைத் திருத்த வேண்டும். சமச்சீர் அச்சைச் சுற்றிக் கரு முழுவதும் ஒன்றாகச் சுழல்வது என்பது குவாண்டம் இயற்பியலில் பொருளற்றது. சுழன்றாலும் அதன் தோற்றத்தில் எதுவும் மாறுவதில்லை. அச்சின் வழியான கோண உந்தத்தைச் சுமப்பவை, இணை சேராமல் எஞ்சிய துகள்கள். லுத்தேசியம்-176 இல் அவை ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும். ஒவ்வொன்றும் அச்சைச் சுற்றி மூன்றரை அலகு கொண்டு இயங்குகிறது. இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் கே எண் 7. எதிரெதிராகச் சுற்றினால் 0. முதலாவது, கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழும் தாழ்நிலை. இரண்டாவது, அதைவிட 123 கிலோ இலத்திரன் வோல்ற்று மட்டுமே உயர்ந்த, 3.7 மணித்தியாலத்தில் தேய்ந்துவிடும் கிளர்நிலை. துகள்கள் அவையே; பாதைகளும் அவையே; ஒன்று எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பது மட்டும் மாறுகிறது. அதனால் ஆயுள் ஏறத்தாழக் கோடி கோடி மடங்கு மாறுகிறது. கருப் பௌதிகத்தில் நான் அறிந்த மிக அழகிய சோடிகளுள் இது ஒன்று.

ஒரே வகைத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் பவுலியின் தவிர்ப்புத் தத்துவம் இதற்குள் தொழிற்படுவதையும் காணலாம். தேய்வின்போது அந்த நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஏற்கெனவே தனித்திருக்கும் புரோத்தனின் பாதையில் அதனுடன் இணை சேர வேண்டும். இணை சேரும் இரு புரோத்தன்களும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். கிளர்நிலையில் நியூத்திரன் ஏற்கெனவே எதிர்த்திசையில்தான் சுற்றுகிறது. மாறியதும் அப்படியே பொருந்திவிடுகிறது. தாழ்நிலையில் அது புரோத்தனுடன் ஒரே திசையில் சுற்றுகிறது. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அதே திசையில் நுழைய முடியாது. முழுச் சுற்றையும் மறுபக்கம் திருப்பி, மூன்றரையிலிருந்து எதிர் மூன்றரைக்கு, அதாவது ஏழு அலகு மாறினால்தான் இடம் கிடைக்கும்.

ஹஃப்னியத்தின் 6 அலகு நிலை உண்மையில் கரணமடிக்கும் நிலைதான் என்று எப்படி அறிகிறோம்? ஒரு நீண்ட பொருள் கரணமடிக்கும்போது அதன் சக்தி, கோண உந்த எண்ணையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கி வரும் தொகைக்கு விகிதசமமாக இருக்க வேண்டும்: 2 இற்கு 6, 4 இற்கு 20, 6 இற்கு 42. ஹஃப்னியம்-176 இன் நிலைகள் 88, 290, 597 கிலோ இலத்திரன் வோல்ற்று உயரத்தில் அமைந்திருக்கின்றன. 290 ஐ 88 ஆல் வகுத்தால் 3.3; 20 ஐ 6 ஆல் வகுத்தாலும் அதுவே. 597 ஐ 88 ஆல் வகுத்தால் 6.8, எதிர்பார்ப்பது 7. வேகமாகச் சுழலும்போது கரு சற்றே இளகுவதால் வரும் சிறு குறைவு அது. லுத்தேசியம் தேயும்போது ஹஃப்னியக் கரு இந்தப் படிக்கட்டில் 6 இலிருந்து 4, 2, 0 என்று இறங்கி, 307, 202, 88 கிலோ இலத்திரன் வோல்ற்றுக் காமாக் கதிர்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடுகிறது.

ஆறு படி தடையிருந்தும் தேய்வு நிகழ்கிறதே என்று கேட்கலாம். கே எண் முழுத் தூய்மையான எண் அன்று. கரு சுழலும்போது, சுழலும் பூமியின் மேல் காற்று திசை திரும்புவது போன்ற கொரியோலிசு விளைவு துகள்களின் பாதைகளைச் சிறிது கலக்கிவிடுகிறது. கே எண் 0 என்று நாம் சொல்லும் நிலையில் மற்ற எண்களும் துளித்துளியாகக் கலந்திருக்கின்றன. அந்தத் துளிகளின் வழியாகவே தேய்வு கசிகிறது. மேலே கண்ட இலட்சம் கோடி மடங்கைத் தடையின் ஆறு படிகளுக்கும் பங்கிட்டால், படி ஒன்றுக்கு நூறு மடங்கு வீதம் வருகிறது.

லுத்தேசியம் தனித்த விதிவிலக்கு அன்று. ஹோல்மியம்-166 இன் தாழ்நிலையின் கோண உந்தம் 0. அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 27 மணித்தியாலம். அதைவிட 6 கிலோ இலத்திரன் வோல்ற்றே உயர்ந்த, கோண உந்தம் 7 கொண்ட நிலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது. தந்தாலம்-180 இன்னும் வியப்பானது: தாழ்நிலை 8 மணித்தியாலத்தில் தேய, கோண உந்தம் 9 கொண்ட கிளர்நிலை தேய்ந்ததை இதுவரை எவரும் கண்டதில்லை. இயற்கையில் தந்தாலத்தோடு கிடைப்பது அந்தக் கிளர்நிலையே.

வடிவம் எப்போதும் தடுப்பது என்று எண்ணிவிடக் கூடாது. உருண்டையான மலையொன்றில் ஒரே உயரத்தில் எந்தப் பக்கம் சுற்றினாலும் பாதை ஒன்றுதான்; நீண்டு கிடக்கும் முகட்டில் அதன் நீளவாட்டில் செல்லும் பாதையும் குறுக்கே செல்லும் பாதையும் வேறு. அதுபோல, உருண்டைக் கருவில் ஒரே சக்தியுடன் இருந்த பாதைகள், கரு நீண்டதும் அச்சுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பிரிந்துவிடுகின்றன: நீண்ட அச்சை ஒட்டியவை தாழ்கின்றன, நடுவைச் சுற்றியவை உயர்கின்றன. 1955 இல் சுவீடனைச் சேர்ந்த நில்சன் இந்தப் பிரிவைக் கணித்தார். இதனால், நியூத்திரன் இருக்கும் பாதைக்கும் புரோத்தனுக்குக் காலியாக உள்ள பாதைக்கும் எவ்வளவு ஒற்றுமை என்பது கருவுக்குக் கரு மாறுகிறது. இரண்டும் எல்லாவற்றிலும் ஒத்து, சுழற்சியின் திசையில் மட்டும் வேறுபட்டால் தேய்வு விரைவாக நிகழ்கிறது. கோண உந்தக் கணக்கு பொருந்தியும் பாதைகளின் உருவம் பொருந்தாவிட்டால், பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை மெதுவாகிறது.

ஒரே சுழற்சிப் படிக்கட்டின் வெவ்வேறு படிகளுக்குத் தேய்வு எந்த விகிதத்தில் பிரியும் என்பதையும் வடிவமே தீர்மானிக்கிறது. படிக்கட்டின் எல்லாப் படிகளிலும் துகள்களின் அமைப்பு ஒன்றே. கரணத்தின் வேகம் மட்டும் வேறு. ஆகவே விகிதம் வெறும் திசைக் கணிதமாகிவிடுகிறது. லுத்தேசியத்தின் 3.7 மணித்தியால நிலைக்கு இந்தக் கணிதம், ஹஃப்னியத்தின் 2 அலகு நிலைக்கு 0 அலகு நிலையைவிட இரு மடங்கு வாய்ப்புத் தருகிறது. 0 அலகு நிலைக்குக் கிடைக்கும் கூடுதல் சக்தியைச் சேர்த்தால் அந்த வேறுபாடு சற்றுக் குறைகிறது. அளவீடும் 2 அலகு நிலைக்கே பெரும்பங்கு செல்வதைக் காட்டுகிறது.

இந்தத் தொடர்பைத் தலைகீழாகப் பயன்படுத்தி, தேய்வைக் கொண்டு வடிவத்தை அறியவும் முடிகிறது. ஸ்ரொன்சியம்-76 போன்ற, செக்கன் கணக்கில் மறையும் கருக்களில், தேய்வு மகட்கருவின் எந்தெந்தச் சக்தி உயரங்களில் எவ்வளவு விழுகிறது என்பது, கரு ரகர் பந்துபோல் நீண்டிருந்தால் ஒருவிதமாகவும், ரொட்டிபோல் தட்டையாக இருந்தால் வேறுவிதமாகவும் பரவும் என்று கணிப்புகள் கூறின. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் எல்லாக் காமாக் கதிர்களையும் விழுங்கும் பெரிய பளிங்கொன்றைக் கொண்டு அந்தப் பரவலை அளந்து, ஸ்ரொன்சியம்-76 நீண்ட வடிவமுடையது என்று 2004 இல் அறிவித்தனர். நியூத்திரன் மிகுந்த நீண்ட கருக்களின் அரைவாழ்வுக்காலங்களும் முக்கியமானவை. விண்மீன்களில் அருமண் தனிமங்கள் எவ்வளவு உருவாயின என்ற கணக்கு அவற்றையே நம்பியிருக்கிறது. யப்பானின் ரிக்கன் ஆய்வுகூடத்தில் அத்தகைய 94 கருக்களின் அரைவாழ்வுக்காலங்கள் அளக்கப்பட்டு 2017 இல் வெளியாகின.

ஓடை மணலின் கார்னட்டுக்குத் திரும்புவோம். கார்னட் வளரும்போது லுத்தேசியத்தை விரும்பி உள்ளே ஏற்கும். ஹஃப்னியத்தை அவ்வாறு ஏற்பதில்லை. ஆகவே பிற்காலத்தில் அதற்குள் கூடும் ஹஃப்னியம்-176 ஐ அளந்து, மணி எப்போது வளர்ந்தது என்று புவியியலாளர்கள் கணிக்கின்றனர். கே எண் தடை இல்லாவிட்டால் இந்தக் கடிகாரமே இருந்திருக்காது. நமது மலைநாட்டின் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறியது ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். அப்போது வளர்ந்த ஒரு மணியில் இருந்த லுத்தேசியம்-176 கருக்களில், இன்று வரை நூற்றில் ஒன்று மட்டுமே, ஆறு படி தடையைக் கடந்து ஹஃப்னியமாகியிருக்கிறது.